பட்டாளத்திலிருந்து வந்து உழுதவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் துக்க மணி அடித்து ஓய்ந்த சற்று நேரத்திற்குள், குருவானவருக்கு உதவும் உபதேசியாரோ, அன்பியம் எனப்படும் அக்கம்பக்கத்துச் செபக் குழுவின் பொறுப்பாளரோ வீட்டுக்கு வந்து, இறந்தவருக்கு வயது என்ன, திருமுழுக்குப் பெயர் என்ன, எந்தப் பட்டாளத்தில் இருந்தார், எந்த ஆண்டில் ஊர் திரும்பினார் என்று விசாரிப்பார். அடக்கத் திருப்பலியில் வாசிப்பதற்கு ஒரு பக்க அளவில் வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படியும் கேட்பார். பந்தல் போடுவது, உறவினர்களுக்குச் சொல்லி அனுப்புவது, குழி வெட்ட ஆள் பார்ப்பது என்று வீடு முழுவதும் அலைந்துகொண்டிருக்கும் அந்த இரவில், படித்த பிள்ளை என்று யாரோ ஒருவர் கையில் அந்தத் தாள் வந்து சேரும்.

என் தந்தை இறந்த இரவில் அது என் கைக்கு வந்தது. சிவகங்கைப் பக்கத்தில் கண்மாய்ப் பாசனத்தை நம்பிய ஓர் ஊரில் பிறந்து, சீனப் போருக்குப் பின் ஆள் எடுத்தபோது 1963-இல் பட்டாளத்தில் சேர்ந்து, 17 ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பி, அதன்பின் 38 ஆண்டுகள் உழுதவர் அவர். நான் எழுதிய பக்கத்தில் அவருடைய படைப்பிரிவு தவறாக இருந்தது. 1971 போரில் அவருடைய பங்கு தவறாக இருந்தது. பிறந்த தேதியும் தவறாக இருந்தது. இவற்றைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தில் முக்கால் பங்கு பட்டாளத்தைப் பற்றியே இருந்தது. அவர் தம் வாழ்நாளில் பாதியைக் கழித்த நிலத்துக்கு இரண்டே வரிகள் கிடைத்திருந்தன. 30-ஆம் நாள் திருப்பலிக்குள் அதை முழுவதும் திருத்தி எழுதினேன். அதன் பிறகு எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த ஊர்களில், இப்படிப்பட்டவர்கள் இறந்தபோதெல்லாம் அந்தந்த வீட்டாருடன் உட்கார்ந்து எழுத உதவியிருக்கிறேன். பட்டாளம், வயல், கோயில் என்று மூன்று இடங்களில் வாழ்ந்த ஒருவரை, அந்தந்த இடத்தில் அவர் எவ்வளவு காலம் வாழ்ந்தாரோ அந்த அளவில் எழுதுவதற்கு என்னென்ன தேட வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில், ஒரே இரவில் எல்லாவற்றையும் எழுதிவிட முயல வேண்டாம். அடக்கத்துக்கு வேண்டியது அரைப் பக்கம் மட்டுமே. பெயர், பெற்றோர், பிறப்பு, திருமணம், பிள்ளைகள், பணி, பங்கில் செய்த தொண்டு, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் பெற்றிருந்தால் அதுவும், இறந்த நாள் ஆகியவை போதும். உறுதியாகத் தெரியாத ஆண்டை எழுதாமல் விடுவதே நல்லது. முழுக் குறிப்பை 30-ஆம் நாளுக்கு எழுதலாம். ஆனால் முழுக் குறிப்புக்கு வேண்டிய செய்திகளை அடக்கத்தன்றே திரட்டத் தொடங்க வேண்டும். அவருடன் பட்டாளத்தில் இருந்தவர், அவருடன் தண்ணீர் முறை பங்கிட்டவர், அவருடன் மரியாயின் சேனை என்ற கோயில் செபக் குழுவில் இருந்தவர் ஆகிய மூவரும் ஒரே பந்தலில் அமர்ந்திருக்கும் நாள் அது ஒன்றுதான். வீட்டில் மிகுந்த துக்கத்தில் இருப்பவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்காமல், ஒரு மருமகனிடமோ வளர்ந்த பேரப்பிள்ளையிடமோ நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, வருகிறவர்கள் சொல்வதைச் சொன்னவரின் பெயரோடு குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். “உங்களுக்கு எப்படிப் பழக்கம்?” என்ற ஒரு கேள்வி போதும். மற்றதை அவர்களே சொல்வார்கள்.

பட்டாளத்துத் தாள்கள்

வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய படை எண், சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, பதவி, பிரிவு, பெற்ற பதக்கங்கள் ஆகியவை அதில் இருக்கும். ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ. தாளிலும் இவற்றில் சில இருக்கும். இந்த இரண்டின் மூலங்களையும் எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்க அவை தேவைப்படும். அதே காரணத்துக்காக, இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து சான்றிதழ் வாங்கிவிடுவதும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் தகவல் கொடுப்பதும் வீட்டில் ஒருவருடைய பொறுப்பாக இருக்கட்டும்.

நான் செய்த முதல் பிழை படைப்பிரிவைப் பற்றியது. ஊரில் எல்லோரும் “மெட்ராஸ் பட்டாளம்” என்று சொல்லி வந்ததால், நானும் மதராஸ் ரெஜிமெண்ட் என்று எழுதிவிட்டேன். மதராஸ் ரெஜிமெண்ட் காலாட்படை; அதன் மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. என் தந்தை இருந்ததோ மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். பாலம் கட்டுவதும், கண்ணிவெடி புதைப்பதும் அகற்றுவதும், பாதை போடுவதும் அவர்கள் வேலை. அவர்களுடைய மையம் பெங்களூரில் இருக்கிறது. அந்தப் பிரிவின் வீரர்களைத் “தம்பி” என்று அழைப்பது நெடுநாளைய வழக்கம். அடக்கத்துக்கு வந்திருந்த முதியவர் ஒருவர் என் தந்தையின் சவப்பெட்டியருகே நின்று “தம்பி” என்று மெதுவாகச் சொன்னதை நான் உறவுமுறை என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாட்களுக்குப் பிறகு டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திறந்து பார்த்தபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் புரிந்தது. ஆகவே பிரிவின் பெயரைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். ஊர் வாய்ச்சொல்லை நம்பி எழுத வேண்டாம்.

இரண்டாவது பிழை போரைப் பற்றியது. 1965, 1971 ஆகிய ஆண்டுகளில் பணியில் இருந்தவர் என்றால், “பாகிஸ்தான் போரில் போரிட்டார்” என்று எழுதக் கை தானாகப் போகும். பதக்கங்களைப் பார்த்த பிறகே அதை எழுத வேண்டும். 1965-க்கு ரக்ஷா பதக்கமும் 1971-க்கு சங்கிராம் பதக்கமும் அந்தக் காலத்தில் படையில் இருந்த பலருக்கும் பொதுவாகக் கிடைத்தவை. போர்முனைப் பகுதியில் இருந்தவர்களுக்கு 1965-க்கு சமர் சேவா நட்சத்திரமும், 1971-க்குக் கிழக்கு முனைக்குப் பூர்வி நட்சத்திரமும், மேற்கு முனைக்குப் பஸ்சிமி நட்சத்திரமும் வழங்கப்பட்டன. 1971-க்கு உரியவற்றில் என் தந்தையிடம் சங்கிராம் பதக்கம் மட்டுமே இருந்தது. போர் நடந்த அந்த இரண்டு வாரமும் அவர் பின்தளத்தில் பணியில் இருந்திருக்கிறார். “1971 போர்க்காலத்தில் பணியில் இருந்து சங்கிராம் பதக்கம் பெற்றார்” என்று எழுதினால் அது உண்மை. அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நான் முதலில் எழுதியிருந்த வீரச் செயல் ஒன்றும் நடக்கவில்லை. அதைக் கோயிலில் வாசிக்கக் கேட்ட அவருடைய பழைய தோழர்கள் எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பதக்கங்களின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். அண்ணன் தம்பி இருவரும் படையில் இருந்த வீடுகளில் எது யாருடையது என்று பிரித்தறிய இது உதவும்.

பதவிப் பெயரிலும் கவனம் தேவை. இன்று நாயப் சுபேதார் என்று சொல்லும் பதவி 1965 வரை ஜமேதார் எனப்பட்டது. ஹவில்தாராக ஓய்வு பெறும்போது சிலருக்கு கௌரவ நாயப் சுபேதார் பதவி வழங்கப்படுவதுண்டு. அப்படி இருந்தால் “கௌரவ” என்ற சொல்லை விடாமல் எழுதுங்கள். இடப்பெயர்களும் இதுபோலத்தான். 1969 ஜனவரிக்கு முந்தைய தாள்களில் மாநிலம் சென்னை மாநிலம் என்றே இருக்கும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல். அதற்கு முன் எல்லாம் இராமநாதபுரம் மாவட்டம். தாளில் ‘ராம்நாடு’ என்றிருப்பதைக் கண்டு வேறொருவருடைய புத்தகம் என்று மயங்க வேண்டாம்.

இலங்கைக்கு 1987 முதல் 1990 வரை அனுப்பப்பட்ட அமைதிப்படையில் இருந்த தமிழ் வீரர்களின் குறிப்பை எழுதுவது மற்ற எல்லாவற்றையும் விடக் கடினம். அதைப் பற்றி வீட்டில் அவர் ஒரு நாளும் பேசியதில்லை என்றால், பணியாற்றிய இடத்தையும் ஆண்டையும் மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். தாமாகவே பேசாத ஒன்றை அவர் இறந்த பின்பு நாம் பேசவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கோயில் பதிவேடுகள்

பங்குத்தந்தையிடம் கேட்டுத் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி வாங்குங்கள். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் வைத்திருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். உறுதிபூசுதலும் திருமணமும் திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பதும் அதில் உண்டு. எனவே அந்த ஒரே வரியிலிருந்து பெற்றோர், ஞானப்பெற்றோர், பிறந்த நாள், மணமகள், மணம் நடந்த கோயில் ஆகிய எல்லாவற்றையும் அறியலாம். தாய்க்கோயில் வேறு ஊரில் இருந்தால் பதிவேடும் அங்கேதான் இருக்கும். ஒரு நாள் போய்வரத்தான் வேண்டும்.

பழைய பதிவுகள் பல இலத்தீனில் இருக்கும். வீட்டில் இராயப்பன் என்றழைக்கப்பட்டவர் அங்கே பேத்ருஸ் என்றும், சின்னப்பன் பவுலுஸ் என்றும், அருளப்பன் யொவான்னெஸ் என்றும், சூசை யோசேபுஸ் என்றும் இருப்பார்கள். ஆள்சேர்ப்பு முகாமின் எழுத்தர் இதே பெயரை ஆங்கிலத்தில் தம் காதுக்குக் கேட்டபடி வேறொரு விதமாக எழுதியிருப்பார். பட்டாவிலோ தந்தை பெயரின் முதலெழுத்து மாறியிருக்கும். இப்படி ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள் சேர்ந்துவிடுகின்றன. குறிப்பில் ஊரார் அழைத்த பெயரைத் தலைப்பாக வைத்து, திருமுழுக்குப் பெயரை முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுவது நல்லது. பட்டாளத்துப் பெயர் மிகவும் மாறியிருந்தால், “படையில் இப்பெயரால் அறியப்பட்டார்” என்று அந்தப் பகுதியில் சேர்த்துவிடலாம். பழைய தோழர்களுக்கு அந்தப் பெயர்தான் தெரியும்.

பிறந்த தேதியில் நான் செய்த பிழை இங்கேதான் தெரியவந்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 1945 ஜூன் என்றிருந்தது. பதிவேட்டில் 1944 டிசம்பர் 1-இல் பிறந்து 4-இல் திருமுழுக்குப் பெற்றதாக இருந்தது. அந்தக் காலத்தில் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே கோயிலுக்குத் தூக்கிச் செல்வார்கள் என்பதாலும், டிசம்பர் 3 புனித சவேரியார் திருநாள் என்பதாலும், அவருக்கு ஏன் சவேரியார் பெயர் வைத்தார்கள் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. குறிப்பிலும் கல்லறையிலும் பதிவேட்டின் தேதியை எழுதுங்கள். அலுவலகத் தாள்களில் உள்ள தேதியைத் தொட வேண்டாம். ஓய்வூதிய வேலைகள் அதை வைத்தே நடக்கும்.

இந்தத் தலைமுறையைப் பற்றி எழுதும்போது கவனிக்கத் தக்க இன்னொன்று உண்டு. என் தந்தை பட்டாளத்துக்குப் போகும்போது ஊரில் பூசை இலத்தீனில் நடந்தது. தாய்மொழியில் பூசை வைக்க வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், ஒரு விடுமுறையில் அவர் திரும்பி வந்தபோது குருவானவர் மக்களைப் பார்த்து நின்று தமிழில் பூசை வைத்துக்கொண்டிருந்தார். அந்த மாற்றத்தை மற்றவர்கள் சிறிது சிறிதாகக் கண்டார்கள். அவர் ஒரே நாளில் கண்டார். குருவானவரையே பல மாதம் பார்க்க முடியாத இடங்களில் இருந்த கத்தோலிக்க வீரர் எப்படிச் செபித்தார், செபமாலை வைத்திருந்தாரா, ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தார் என்று அவருடைய தோழர்களிடம் கேளுங்கள். பங்கில் வகித்த பொறுப்புகளை அடுக்குவதைவிட இதைப் பற்றிய ஒரு வாக்கியம் அவருடைய விசுவாசத்தை நன்றாகக் காட்டும்.

நிலம்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சிப்பாய்களுக்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டு பணி தேவை என்பதால், பதினெட்டு பத்தொன்பது வயதில் சேர்ந்தவர்கள் முப்பத்தைந்து வயதை ஒட்டி ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு மேல் நாற்பது ஆண்டு உழுகிறார்கள். ஆனால் பட்டாளத்துக்குப் புத்தகமும் பதக்கமும் இருக்கின்றன. உழவுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று எண்ணி நாம் அதைச் சுருக்கிவிடுகிறோம். உழவுக்கும் தாள்கள் உண்டு. பட்டாவும் சிட்டாவும் எவ்வளவு நிலம், எந்தச் சர்வே எண் என்பதைச் சொல்லும். கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் அடங்கலில் எந்த ஆண்டில் எந்தப் பயிர் வைத்தார் என்பது இருக்கும். பழைய கணக்குகளில் ஆண்டு பசலியில் இருக்கும். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். எடுத்துக்காட்டாக, பசலி 1390 என்பது 1980 ஜூலை முதல் 1981 ஜூன் வரை. என் தந்தை ஊர் திரும்பி முதலில் வைத்த பயிர் எது என்று தேடும்போது இந்தக் கணக்கு எனக்குப் பயன்பட்டது. முன்னாள் படைவீரருக்கு அரசு நில ஒப்படை செய்திருந்தால் அந்த ஆணையும் பெட்டியில் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

தாள்களில் இல்லாததை ஊர்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கண்மாய்த் தண்ணீர் முறை வைத்துப் பாயும். உங்கள் தந்தையின் வயல் எந்த மடையில் இருந்தது, மேல்மடையா கடைமடையா, முறைத் தண்ணீருக்காக இரவில் யாருடன் காவல் இருந்தார், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் நீர்பாய்ச்சியோடு எப்படி நடந்துகொண்டார், கண்மாய் மராமத்துக்கு ஆள் கூப்பிட்டபோது முன்னால் போனாரா என்று கேளுங்கள். ஆவணியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்காகக் காத்திருக்கும் மானாவாரி விவசாயியின் குணம் அந்தக் காத்திருப்பில் தெரியும். முதியவர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது, நிகழ்ச்சி நினைவிருக்கும். தனுஷ்கோடிப் புயல் என்றால் 1964 டிசம்பர். ஐ.ஆர். 8 நெல் வந்த சமயம் என்றால் 1966-க்குப் பிந்தைய சில ஆண்டுகள். வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்த அண்மை ஆண்டு என்றால் 2016. “புயலுக்கு முன்னாலா பின்னாலா?” என்று கேட்டால் விடை உடனே வரும்.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அவர் பட்டாளத்தில் இருந்த 17 ஆண்டும் அந்த நிலத்தை உழுதது யார்? எங்கள் வீட்டில் என் அப்பத்தாவும், சித்தப்பாவும், திருமணத்துக்குப் பின் என் அம்மாவும். ஆண்டுக்கு இரண்டு மாத விடுமுறையில் வந்த கணவர், நாற்று நடவுக்கோ அறுப்புக்கோ இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மணியார்டர் வந்த நாளில் உரம் வாங்கியது, மாட்டுக்கு நோய் வந்தபோது ஊர் ஊராக நடந்து மருத்துவரைத் தேடியது, வரப்புத் தகராற்றில் பேச ஆண் இல்லை என்று ஏளனம் செய்தவர்களுக்கு முன்னால் அளவுக்கல்லைக் காட்டி நின்றது எல்லாம் அம்மாதான். நான் முதலில் எழுதிய பக்கத்தில் அம்மாவின் பெயர் “மனைவி” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முறை வந்தது. திருத்தி எழுதியபோது, நிலத்தைப் பற்றிய பகுதியை அம்மாவிலிருந்தே தொடங்கினேன். ஒரு படைவீரர் திரும்பி வந்து உழுவதற்கு நிலம் இருந்தது என்றால், அதைக் காத்தவரைச் சொல்லாமல் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் நிலத்தை விற்றுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் பலர்; கருவேல் மண்டிய வயல்கள் எங்கள் ஊரைச் சுற்றிலும் உண்டு. என் தந்தை நிலத்தை விடாமல் இருக்க முடிந்ததற்கு அவருடைய உழைப்போடு, மாதம் தவறாமல் வந்த ஓய்வூதியமும் காரணம். கிணற்றை ஆழப்படுத்தியதும், இரண்டாவது மகளைப் படிக்க வைத்ததும் அந்தப் பணம்தான். இதை எழுதுவதில் தயங்க வேண்டாம். பட்டாளத்து 17 ஆண்டும் வயலில் கழித்த 38 ஆண்டும் எப்படி ஒன்றோடொன்று இணைந்திருந்தன என்பதை வாசிப்பவர் இங்கேதான் புரிந்துகொள்வார்.

பட்டாளத்துப் பழக்கம் உழவில் எங்கே தெரிந்தது என்றும் பாருங்கள். என் தந்தை வரப்பு வெட்டுவதற்கு முன் இரு முனையிலும் குச்சி ஊன்றிக் கயிறு கட்டுவார். கண்மாயின் மிகைநீர் வழியும் கலிங்கு உடைந்த ஓர் ஆண்டில் மணல் மூட்டைகளைச் செங்கல் அடுக்குவதுபோல் ஒன்றின் இணைப்பு மற்றொன்றின் நடுவில் வரும்படி அடுக்கச் சொன்னார் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் நினைவு கூர்ந்தார். “ஒழுக்கமானவர்” என்று எழுதுவதைக் காட்டிலும் இந்தக் கயிற்றையும் மூட்டையையும் எழுதுவது மேல்.

கோயிலில் வாசிப்பதும் கொடியும்

அடக்கத் திருப்பலியில் குருவானவரின் பிரசங்கமான மறையுரை உண்டு. ஆனால் மறையுரை இறந்தவரைப் புகழும் உரையாக இருக்கக் கூடாது என்பது திருப்பலி நூலின் பொது விதிமுறை. ஆகவே உங்கள் பக்கத்தை மறையுரையின் இடத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். நற்கருணைக்குப் பின்வரும் செபம் முடிந்து, பெட்டிக்குத் தீர்த்தம் தெளித்துத் தூபமிடும் இறுதி விடைபெறு சடங்கு தொடங்குவதற்கு முன் வீட்டார் ஒருவர் சில வார்த்தைகள் பேச இடமுண்டு; பங்குத்தந்தையிடம் முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அழுதுவிடக் கூடியவரை வாசிக்கச் சொல்லாமல், பேரப்பிள்ளைகளில் நிதானமாக வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நீளமான குறிப்பை 30-ஆம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம்.

தேசியக் கொடியைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேள்வி எழுகிறது. பட்டாளத்துக்காரர் என்பதால் பெட்டியின்மீது கொடி போர்த்தலாம் என்று அன்போடு யாராவது வாங்கி வந்துவிடுவார்கள். இந்தியக் கொடி விதிகளின்படி அரசு, இராணுவ, மத்தியத் துணை இராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே கொடியைப் போர்த்த முடியும்; தனிப்பட்ட இறுதிச் சடங்கில் போர்த்துவது விதிமீறல். இராணுவ மரியாதை கிடைக்குமா என்பதை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அன்றே கேட்டு அறியுங்கள். அப்படி மரியாதை நடந்தால் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது. மரியாதை இல்லையென்றால் பதக்கங்களை ஒரு தட்டில் வைத்துப் பெட்டியருகே வைக்கலாம்; முன்னாள் படைவீரர் சங்கத் தோழர்கள் மலர் வளையம் வைத்து சல்யூட் அடிக்கலாம். அவர் கடைசியாக அறுத்த நெல்லில் ஒரு கைப்பிடிக் கதிர் இருந்தால் அதையும் அந்தத் தட்டில் வைக்கும்படி நான் சொல்வதுண்டு. தைப் பொங்கலுக்குப் புதுநெல்லைப் பீடத்தில் காணிக்கையாக வைக்கும் எங்கள் மக்களுக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை.

சொற்கள்

“மாவீரர்”, “வள்ளல்”, “ஈடு இணையற்றவர்” போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். “விண்ணகம் சென்றுவிட்டார்” என்று தீர்ப்புச் சொல்வதையும் தவிர்க்கலாம். இறந்தவருக்காக நாம் திருப்பலி ஒப்புக்கொடுப்பதே அவருக்கு நம் செபம் தேவை என்ற நம்பிக்கையால்தான். அவர் ஏற்கெனவே புனிதராகிவிட்டார் என்று எழுதிவிட்டால் 30-ஆம் நாளுக்கும் கல்லறைத் திருநாளுக்கும் பொருளில்லாமல் போகும். “இறைவனில் இளைப்பாறினார், அவருக்காகச் செபிக்க வேண்டுகிறோம்” என்பது போதும்.

குறைகளை என்ன செய்வது என்று பலர் தனியாக வந்து கேட்பார்கள். குடி, கோபம், அண்ணன் தம்பி வழக்கு ஆகியவை எந்த வீட்டிலும் இருக்கலாம். கோயிலில் வாசிக்கும் பக்கம் அவற்றுக்கான இடம் அல்ல. ஆனால் அவற்றுக்கு நேர்மாறான புகழ்ச்சியை எழுதாமல் இருக்க முடியும். பத்தாண்டு பேசாமல் இருந்த தம்பி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது “உடன்பிறந்தோரிடம் அளவற்ற பாசம் கொண்டவர்” என்று வாசிப்பது அவரைக் காயப்படுத்தும். கடைசி நாட்களில் சமாதானம் நடந்திருந்தால் அதை மட்டும் ஒரு வாக்கியமாகச் சொல்லலாம். தம்பியிடம் முன்னரே கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் மூவரிடம் வாசித்துக் காட்டுங்கள்: பட்டாளத்துப் பகுதியை ஒரு முன்னாள் படைவீரரிடமும், நிலத்துப் பகுதியை அதே மடையில் உழும் ஒருவரிடமும், முழுவதையும் உங்கள் தாயாரிடமும். என் அம்மா கேட்டு முடித்து, “கெணறு வெட்டுனது நாகம்மா வெள்ளக்கன்னு ஈன்ற வருசம்டா, நீ எழுதுனதுக்கு அடுத்த வருசம்” என்றார். நாகம்மா எங்கள் பசு. பிறகு கூட்டுறவுச் சங்கத்துக் கடன் ரசீதைத் தேடிப் பார்த்தேன். அம்மா சொன்னதே சரியாக இருந்தது.

நகல்களில் ஒன்றைப் பங்கு அலுவலகத்துக்குக் கொடுங்கள். ஒன்றை டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு தகரப் பெட்டியில் வையுங்கள். கல்லறைக்குக் கல் வெட்டக் கொடுக்கும்போது, கல்தச்சரிடம் வாயால் சொல்லாமல், பெயரையும் இரு தேதிகளையும் பெரிய எழுத்தில் எழுதிய தாளைக் கொடுத்து, சிலுவைக்குக் கீழே “உழவர், முன்னாள் படைவீரர்” என்று அதே வரிசையில் வெட்டச் சொல்லுங்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2-க்கு முன் கல் தயாராக வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே சொல்லிவிட வேண்டும். அக்டோபரில் எங்கள் பக்கத்துக் கல்தச்சர் எவருக்கும் நேரம் இருப்பதில்லை.